தகரவில்லை

கொழும்பிலிருந்து குளிரூட்டிய வண்டியில் வந்திறங்கிய வழிகாட்டி ஐயா, யட்டியாந்தோட்டை மண்டபமொன்றில் உயர்தரம் எழுதிய பிள்ளைகளுக்கு எதிர்காலத்தைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தார். எட்டாவது படத்தில் எங்கள் தொழில் வந்தது: 'நூலகத் தொழில்நுட்பம், நாளைய துறை.' படத்தில் வெள்ளைக்காரப் பெண்ணொருத்தி கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்று கணினியைப் பார்த்துச் சிரித்தாள். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். கணினியைப் பார்த்து அப்படிச் சிரித்த நூலகர் ஒருவரையும் நான் கண்டதில்லை.

பின் வரிசையில் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "சேர், எங்க தோட்டத்துல லைப்ரரியே இல்லீங்களே. நான் எங்க போய் இதயெல்லாம் பாக்குறது?"

ஐயா அசரவில்லை. "இனி லைப்ரரிக்குப் போகவே தேவையில்லை மகள். எல்லாமே ஆன்லைன்."

கைதட்டினார்கள். பிள்ளை உட்கார்ந்துவிட்டாள்.

யட்டியாந்தோட்டைக்காரருக்கு லைன் ஒன்றும் புதிதல்ல. முதல் லைன் ரயில் பாதை. இரண்டரை அடி அகலத்தில் களனிப் பள்ளத்தாக்கு வழியாக 1903இல் இங்கே வந்து சேர்ந்தது. வந்தது எங்களைப் பார்க்க அல்ல, ரப்பரையும் தேயிலையையும் ஏற்றிப்போக. 1942இல், யுத்த காலத்தில், அவிசாவளைக்கு இந்தப் பக்கம் இருந்த தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். யுத்தம் முடிந்தது, லைன் திரும்பவில்லை. இரண்டாவது லைன் நாங்கள் குடியிருக்கும் லைன் காம்பரா. பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதைப் பெயர்த்துக்கொண்டு போக எந்த யுத்தமும் வரவில்லை. மூன்றாவது லைன் இப்போது ஐயா சொல்வது. அது வானத்தில் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் மலையகத்துப் பிள்ளைகள் பாறையிலும் மரத்திலும் ஏறி அதைத் தொட்டுப் பார்த்தார்கள். பெயர்க்க வேண்டியதை விட்டுவைத்து, விட்டுவைக்க வேண்டியதைப் பெயர்த்து, மிச்சத்தை வானத்தில் கட்டுவது இந்த நாட்டின் பொறியியல்.

பிள்ளை உட்கார்ந்தது போதும். வழிகாட்டி ஐயா சொல்லாமல் விட்ட வழியை நான் சொல்கிறேன்.

முதல் தகுதி: சோலைவரி

நூலகத் துறையில் சேர்வதற்கு முன்னால் நூலகத்தில் சேர வேண்டும். நான் சேரப் போனது 1992இல், பன்னிரண்டு வயதில். எந்த ஊர் நூலகம் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்த ஒன்று மட்டும் குற்றவாளியாகிவிடும்; மற்றவை நிம்மதியாக மூச்சுவிடும்.

நூலகர் நல்ல மனுசர். வழுக்கைத் தலையைத் தடவியபடி விண்ணப்பப் படிவமொன்றை நீட்டினார். பெயர் எழுதினேன். வகுப்பு எழுதினேன். முகவரி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரை எழுதினேன். "வீட்டு நம்பர்?" என்றார். நம்பர் இல்லை என்றேன். "வீதி?" என்றார். சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு படிவத்தின் கடைசி வரியில் விரலை வைத்தார். சபைக்குச் சோலைவரி கட்டுகிற ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கள் லயத்தில் பன்னிரண்டு காம்பரா. பன்னிரண்டு குடும்பத்திலும் சோலைவரி கட்டுகிறவர் எவருமில்லை. கட்ட மாட்டோம் என்று எவரும் சொல்லவில்லை; கட்டுவதற்கு வீடு எங்களுடையதாக இருக்க வேண்டுமே! வீடு தோட்டத்தினுடையது. தோட்டம் அரசினுடையது. அந்த வருடந்தான் தோட்டங்களைக் கம்பனிகளின் நிர்வாகத்தில் விட்டார்கள். ஆக, வீட்டுக்கு மேலே இரண்டு எசமான். என் புத்தகத்துக்குப் பிணை நிற்க ஒருத்தருமில்லை.

அம்மா டவுன் கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். அவர் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை: "அரிசி கடனுக்குத் தாறேன். கையெழுத்து மட்டும் கேக்காத."

நூலகரையும் கடைக்காரரையும் நான் பின்னாளில் மன்னித்துவிட்டேன், சட்டப் புத்தகத்தைப் படித்த பிறகு. இலங்கையில் ஊர்களின் பொது நூலகத்தை நடத்துவது உள்ளூராட்சி சபை. கிராமப் பகுதியில் அது பிரதேச சபை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபையின் பணமும் பணியும் தோட்டத்துக்குள் போக விடாமல் மறித்து நின்றது. தோட்டம் சபையின் எல்லைக்குள் இருந்தது, ஆனால் சபையின் ஊராக இல்லை. 2018இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். இடையில் 31 வருடம். அந்த வருடங்களில் வந்த தேர்தல்களிலெல்லாம் வாக்குப் பெட்டி மலையேறி வந்தது. புத்தகப் பெட்டிக்குத்தான் சட்டத்தில் இடமில்லை.

31 வருடம் என்றால் ஒரு பிள்ளை பிறந்து, எழுத்துக் கற்று, வாசிக்க ஆசைப்பட்டு, ஆசை அடங்கி, பால்வெட்டுக் கத்தியைக் கையில் எடுத்து, தன் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிற காலம். திருத்தத்தை நிறைவேற்றிய நாளில் எங்களிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா? இல்லை. நன்றி சொல்லச் சொன்னார்கள்.

இரண்டாவது தகுதி: வந்து சேர்ந்த கடிதம்

படிப்புக்குக் குறைவில்லை. 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கம் வகுப்பும் பரீட்சையும் நடத்துகிறது. களனிப் பல்கலைக்கழகத்தில் நூலக விஞ்ஞானத்துக்கு ஒரு துறையே இருக்கிறது. 1999இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு சேர்த்து நூலக, தகவல் விஞ்ஞானத்துக்கென்று தேசிய நிறுவகமொன்றும் அமைத்தார்கள். பகுப்பாக்கம், பட்டியலாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு எல்லாம் படிக்கலாம். பத்தடிக் காம்பராவில் ஆறு பேர் தூங்கிய பிறகு, குசினி விளக்கில் நானும் படித்தேன்.

படித்தவனுக்கு வேலை தர அழைப்புக் கடிதம் வரும். வந்தது. நேர்முகப் பரீட்சை 14ஆம் திகதி. கடிதம் என் கைக்கு வந்தது 19ஆம் திகதி. லயத்துக்கு இலக்கம் இல்லாததால் தபால் தோட்ட ஆபீசுக்குப் போகும். அங்கே அது மேசையில் கிடக்கும். கிளாக்கரையாவுக்கு நேரம் கிடைக்கும்போது யாரிடமாவது கொடுத்துவிடுவார். அந்தக் கிழமை பாலில் தண்ணீர் கலந்ததாக ஒரு பிரச்சினை, ஐயாவுக்கு நேரமில்லை.

'தகவல் சரியான வாசகருக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும்' என்று நூலக விஞ்ஞானத்தில் முதல் வருடமே படிப்பிப்பார்கள். சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931இலேயே ஐந்து விதிகளில் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி வைத்தார். அவர் தோட்ட ஆபீசு மேசையைப் பார்த்திருந்தால் ஆறாவது விதியொன்றும் எழுதியிருப்பார்.

மூன்றாவது தகுதி: முன் அனுபவம்

நேர்முகப் பரீட்சையில் கட்டாயம் கேட்பார்கள்: "இந்தத் துறையில் முன் அனுபவம் உண்டா?" தோட்டத்துப் பிள்ளைகள் இங்கேதான் தலை குனிகிறார்கள். குனியாதே. நிமிர்ந்து சொல்: "எங்கள் குடும்பத்துக்கு நாலைந்து தலைமுறை அனுபவம் உண்டு. நூலகராக அல்ல, புத்தகமாக."

நூலகத்துக்குள் ஒரு புத்தகம் வந்தால் முதலில் அக்செஷன் நம்பர் குத்துவார்கள். எங்களுக்கும் குத்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிய காலத்தில் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு தகர வில்லை தொங்கியது. அதில் மாவட்டத்துக்கு ஓர் எழுத்து, தோட்டத்துக்கு ஓர் இலக்கம், ஆளுக்கொரு தொடர் இலக்கம். நூலகப் புத்தகத்தின் முதுகைப் பார்த்திருக்கிறாயா? அதே ஒழுங்கு. என் பூட்டன் மன்னாருக்கு இந்தப் பக்கம் எங்கே தொலைந்தாலும் எந்தத் தட்டில் கொண்டுபோய் அடுக்க வேண்டும் என்று அந்தத் தகரம் சொல்லிவிடும். பூட்டனின் பெயர் அதில் இல்லை. பெயர் எதற்கு? புத்தகத்தைத் தேட இலக்கம் போதுமே.

அடுத்தது நாளாந்தப் பதிவு. எங்கள் நூலகத்தில் அதற்குச் செக்ரோல் என்று பெயர். காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணுவார்கள், மாலையில் எடை எண்ணுவார்கள். குறித்த அளவு கொழுந்தோ பாலோ வந்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். உலகத்தில் பட்டியலாக்க விதிகள் எத்தனையோ உண்டு. மனிதனின் பெயரையே பாதியாக நறுக்கிப் பதியும் விதியைக் கண்டுபிடித்தவர்கள் எங்கள் தொரைமார்தான். அவர்கள் கப்பலேறிப் போன பிறகும் அந்த விதி கப்பலேறவில்லை.

நூலகத்தில் இன்னுமோர் ஒழுங்கு: எழுத்தாளரொருவருக்கு ஒரே பெயர் வடிவந்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் அவருடைய புத்தகமெல்லாம் ஓரிடத்தில் சேரும். எங்கள் மாமாவுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், செக்ரோலில் இன்னொன்று, அடையாள அட்டையில் வேறொன்று, சேமலாப நிதிக் காகிதத்தில் எவருக்கும் தெரியாத நாலாவது ஒன்று. நாலு பேனா, நாலு காது, நாலு மாமா. கடைசிக் காலத்தில் நிதி வாங்கப் போனவரிடம், "நீங்கள் இவரில்லையே" என்றார்கள். அவர் அதை மறுக்கவில்லை. தான் யாரென்று அவருக்கே அப்போது சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

கடன் பாக்கியிருந்தால் நூலக உறுப்பினர் வேறிடம் மாற முடியாது. பாக்கியில்லை என்று சீட்டு வேண்டும். எங்களுக்குத் துண்டு. கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன் இருக்கிறது, அதைக் கட்டினால் ஆட்களை விடுகிறோம் என்று ஒரு தோட்டம் இன்னொரு தோட்டத்துக்கு எழுதும் காகிதம். 1921 வரை அது நடந்தது. இரவல் புத்தகத்துக்காவது திருப்பிக் கொடுக்கும் திகதி உண்டு. துண்டில் வந்தவனுக்குத் திகதியில்லை.

இறுதியாக, தட்டுக்களைக் காலி பண்ணும் வேலை. இடம் போதாவிட்டால் நூலகர் புத்தகங்களைக் கழித்துவிடுவார், அல்லது இன்னொரு நூலகத்துக்கு அனுப்பிவிடுவார். 1948இல் எங்களைப் பட்டியலிலிருந்தே கழித்தார்கள்; நாடு சுதந்திரமடைந்த அதே வருடத்தில், குடியுரிமைச் சட்டத்தால். பிறகு 1964 ஒக்டோபர் 30 அன்று இரண்டு நாடுகளின் தலைமை நூலகர்கள் டில்லியில் உட்கார்ந்து 975,000 பிரதிகளைப் பங்கிட்டார்கள். 525,000 அங்கே, 300,000 இங்கே. பெருக்கமும் அந்தந்தப் பங்கோடு சேர்த்தி. மிச்சம் 150,000? பிறகு பார்க்கலாம் என்று மேசைக்குக் கீழே வைத்தார்கள். பத்து வருடம் கழித்து எடுத்து, ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். கிழிந்த அட்டையைக்கூட இரண்டாக வெட்டித் தாயை இந்தப் பக்கமும் மகளை அந்தப் பக்கமும் அடுக்கினார்கள்.

1964இல் யட்டியாந்தோட்டையின் நாடாளுமன்ற உறுப்பினர் யார் தெரியுமா? கலாநிதி என். எம். பெரேரா. மலேரியா இந்தப் பக்கத்தைத் தின்ற 1930களில் பருப்புச் சுமந்து வந்து 'பருப்பு மாத்தயா' என்று பேர் வாங்கியவர். 1948இல் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்து நின்ற சமசமாஜிகளின் தலைவர். பங்கீட்டு ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் அவர் நிதி அமைச்சர். பருப்பின் கணக்கைக் கையில் வைத்திருந்தவருக்கு ஆட்களின் கணக்குக் கண்ணில் படவில்லை. பட்டிருந்தால், அவர் ராஜினாமாவை அந்த மாதத்தில் யாராவது பார்த்திருப்பார்கள்.

ஆகவே, மகளே, எங்களுக்கு முன் அனுபவம் இல்லையென்று யார் சொன்னாலும் நம்பாதே. இந்த நாடு எங்களை எண்ணியது, எடை போட்டது, இலக்கமிட்டது, பாதியாக்கியது, கழித்தது, அனுப்பியது. வாசிக்கத்தான் இல்லை. எங்களைப் பற்றிய நூல்களை எந்த நூலகத்திலும் நான் இரண்டு தட்டில் தேடுவேன்: தூயி பகுப்பில் 331, அது தொழிலாளர், அல்லது 633.72, அது தேயிலைப் பயிர். பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கணினி வரும் நாள்

இதையெல்லாம் தாண்டி வேலைக்குச் சேர்ந்தாய் என்று வை. உன் நூலகத்துக்கும் ஒருநாள் 'டிஜிட்டல்' வரும். நான் பார்த்த ஒரு வருகையைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம்.

குத்துவிளக்கு ஏற்றினார்கள். ரிப்பன் வெட்டினார்கள். கல்வெட்டில் பிரமுகரின் பெயர் பெரிதாகவும் நூலகம் என்ற சொல் சிறிதாகவும் பொறிக்கப்பட்டிருந்தன. பேச்சு இரண்டரை மணி நேரம். கணினி ஓடியது நாலு நிமிடம். அடுத்த மாதம் போய்ப் பார்த்தேன். கணினிக்குப் பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார்கள். கடவுச்சொல் தெரிந்த உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போய்விட்டார், கடவுச்சொல்லும் அவரோடு போய்விட்டது.

சரி, புதிதாக மென்பொருள் போடுவோம் என்றேன். கோஹா என்று ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தில் ஹோரோவேனுவா என்ற சின்ன மாவட்டத்து நூலகத்தார், தங்கள் பழைய கணினி முறை 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்று தெரிந்ததும் 1999இல் எழுதுவித்த மென்பொருள் அது. எழுதுவித்ததைப் பூட்டி வைக்காமல் உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். மாவோரி மொழியில் 'கோஹா' என்றாலே கொடை. ஊர் நூலகமொன்று உலகத்துக்குக் கொடுத்த கொடையை எங்கள் கணக்காளரிடம் கொண்டுபோனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இலவசமா? அப்படியென்றால் மூன்று விலைக்கோரல் எங்கே?"

மூன்று பேரிடம் பூச்சியத்துக்கு விலை கேட்டு எழுதினோம். இருவர் பதில் போடவில்லை. மூன்றாமவர் பூச்சியத்துக்கு வரி உண்டா என்று கேட்டிருந்தார்.

கடைசியில் பட்டியலைக் கணினியில் ஏற்றினார்கள். தமிழ்ப் புத்தகங்களின் பெயர்களைப் பாமினி எழுத்துருவில் தட்டினார்கள். கண்ணுக்கு அழகான தமிழ். கணினியின் வயிற்றிலோ ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கூளம். வாசகர் யூனிகோடில் 'கொழுந்து' என்று தேடினார். ஜன்னலுக்கு வெளியே மலை முழுக்கக் கொழுந்து. திரையில் 'முடிவு எதுவும் இல்லை.' யூனிகோடும் உத்தமம் இல்லை. அதில் 'ஸ்ரீ' என்ற எழுத்தை இரண்டு விதமாகக் குறியிடலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒன்றில் எழுதிய ஸ்ரீலங்காவை மற்றதில் தேடினால் கிடைக்காது. இதைக் கேட்டு என் சக நூலகர்கள் வியந்தார்கள். எனக்கு வியப்பில்லை. ஒரே பெயரில் இரண்டு நாடு இருப்பதும், ஒன்றில் நின்று தேடினால் மற்றது அகப்படாததும் எங்கள் லயத்துக் குழந்தைக்கும் தெரிந்த சங்கதி.

வருட முடிவில் அறிக்கை தயாரித்தார்கள். தமிழ் நூல்களைத் தேடியவர்களுக்குக் கிடைத்த முடிவு: அநேகமாகப் பூச்சியம். ஆகவே தமிழ் நூல்களுக்குக் கேள்வி குறைவு. ஆகவே தமிழ் நூல் வாங்கும் பணத்தைக் குறைக்கலாம். பிழையான எழுத்துருவால் புத்தகத்தைப் புதைத்துவிட்டு, யாரும் அழவில்லை என்று சாட்சி எழுதும் இந்தத் திறமைக்குத்தான் 'தரவு அடிப்படையிலான தீர்மானம்' என்று பெயர். இதைக் கற்றுக்கொண்டால் உனக்குப் பதவி உயர்வு நிச்சயம்.

சம்பளம் வாங்காத நூலகர்கள்

இந்த அரசுக்கு நூலகம் பற்றி ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அநியாயம். தேசிய நூலகச் சேவைகள் சபைக்கு 1970இல் சட்டம் செய்தார்கள். தேசிய நூலகத்தின் கட்டடத்தைத் திறந்தது 1990இல். காகிதத்திலிருந்து கட்டடத்துக்கு நடந்துபோக 20 வருடம். நடையின் நடுவில், 1981ஆம் வருடம் மே 31 இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தன. அதற்கு 20 வருடம் தேவைப்படவில்லை. சட்டமும் தேவைப்படவில்லை, மூன்று விலைக்கோரலும் தேவைப்படவில்லை. தேவையென்றால் இந்த நாட்டில் எதையும் வேகமாகச் செய்யலாம்.

எரிந்ததற்கும் இல்லாததற்கும் ஈடுசெய்ய வந்தவர்கள் பெரும்பாலும் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். 2005இல் இளைஞர்கள் சிலர் சேர்ந்து 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். ஈழத்துத் தமிழ் நூல், சஞ்சிகை, பத்திரிகை, துண்டுப்பிரசுரம் என்று அகப்பட்டதையெல்லாம் ஸ்கேன் பண்ணி எவரும் வாசிக்கத் திறந்து வைத்தார்கள். மலையகத்து ஏடுகளும் அங்கே உண்டு. நூலகர் என். செல்வராஜா 2002இலிருந்து, தொகுதிக்கு ஆயிரம் நூல் என்ற கணக்கில், ஈழத்தவரின் நூல்களை 'நூல்தேட்டம்' என்று பட்டியலிட்டு வந்தார். அரசு செய்ய வேண்டிய தேசிய வேலையைத் தனி மனிதர் தன் வீட்டு மேசையில் செய்தார்.

இன்னும் பின்னால் போ. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் தோட்டத்துக்குள் நுழையத் தொரைமார் விடவில்லை என்று புடவை வியாபாரியாக வேடம் போட்டுக்கொண்டு லயங்களுக்குப் போனார். பார்த்ததை எழுதினார், 'தேசபக்தன்' பத்திரிகையில் அச்சிட்டார். நகரும் நூலகம் என்று இப்போது வண்டிக்குப் பேர் வைக்கிறார்களே, இந்த மலையில் அதை முதலில் ஓட்டியவர் அவர்; வண்டியில்லாமல், தோளில் சேலை மூட்டையோடு. அந்த நடேசய்யரை மறுபடி கண்டெடுத்து எழுதிய சாரல்நாடன் நூலகத்தில் வேலை பார்த்தவரல்ல, தேயிலைத் தோட்டத்து உத்தியோகத்தர். ஓய்வு நேரத்தில் பழைய பத்திரிகைகளைத் தேடி அலைந்தார்.

2023இல் 'மலையகம் 200' என்று கொண்டாடினார்கள். மேடைக்கு மேடை மாலை. முதுகெலும்பு என்றார்கள், வியர்வை என்றார்கள், தியாகம் என்றார்கள். முதுகெலும்பைப் புகழ்கிறவர் எவரும் அதைப் படுக்க வைக்க நல்ல இடம் கொடுப்பதில்லை. 200 வருடத்துக் காகிதம் எங்கே இருக்கிறது என்று எந்த மேடையிலும் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. செக்ரோல்கள் எங்கே? துண்டுகள் எங்கே? தோட்ட ஆபீசுகளின் கடிதக் கட்டுகள் எங்கே? பல இடங்களில் கறையான் ஏற்கனவே வாசித்து முடித்துவிட்டது. எங்களைப் பற்றிய ஆவணங்களை முழுமையாக வாசித்த ஒரே ஆராய்ச்சியாளர் கறையான்தான். அதுவும் முடிவுரை எழுதவில்லை.

முதல் நாள் வேலை

இவ்வளவும் கேட்ட பிறகும் இந்தத் தொழிலுக்கு வருவேன் என்கிறாயா? அப்படியானால் முதல் நாள் செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

எவரும் உனக்குச் சொல்லித்தராத இடமொன்று அந்தக் கோஹா மென்பொருளில் இருக்கிறது. நிர்வாகப் பக்கத்துக்குப் போ. அமைப்புகளைத் திற. புதிய உறுப்பினரைச் சேர்க்கும்போது எந்தெந்த விபரம் கட்டாயம் என்று தீர்மானிக்கும் பெட்டி அங்கே உண்டு. முகவரி கட்டாயமா, பிணை கட்டாயமா என்பதை எழுதுவது மென்பொருள் அல்ல. அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். ஒரு சொல்லைப் போட்டால் படிவத்தில் சிவப்பெழுத்து வரும். வந்தால் ரப்பர் மலைப் பிள்ளை வாசலோடு திரும்பிப் போகும். சொல்லை எடுத்துவிட்டால் சிவப்பு மறைந்துவிடும்.

என்னை 1992இல் வெளியே நிறுத்தியதும் இப்படி ஒரு பெட்டிதான். அப்போது அது காகிதத்தில் இருந்தது. அதற்கு முன்னால் சட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்னால் கழுத்தில் தொங்கியது. பிரித்து எழுதினால் தகர வில்லை, என் பூட்டன் சுமந்தது. சேர்த்து எழுதினால் தகரவில்லை, நீயும் நானும் பார்த்துக்கொண்டிருப்பது. கூட்டத்தில் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைக் காட்டியவர்கள் எவரும் இந்தப் பெட்டியைக் காட்ட மாட்டார்கள். இதைக் காட்டினால் யார் வைத்தது என்று நீ கேட்பாய்.

அழி. மேலிடத்தில் கேட்பார்கள், 'புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு?' திருப்பிக் கேள்: ஒன்பதே முக்கால் லட்சம் பேரைப் பட்டியலில் தொலைத்தீர்களே, அதற்கு யார் பிணைக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்?

பிறகு முதல் அட்டையை உன் அம்மாவுக்குப் போடு. அவள் வாசிக்க மாட்டாள் என்று நீயே முடிவு பண்ணாதே. இந்த நாடு இத்தனை காலம் அதைத்தான் செய்தது. பெயரை முழுதாக எழுது, அரைப்பேர் வேண்டாம். முகவரி என்ற இடத்தை வெறுமையாக விடு. பிணை என்ற இடத்தையும் வெறுமையாக விடு. சேமி என்ற பொத்தானை அழுத்து.

கோஹா ஏற்றுக்கொள்ளும். அது நியூசிலாந்தில் பிறந்தது. அதற்குச் சோலைவரி தெரியாது.